ரோசியின் ஷிப்டும் என் லெட்டர்பேடும்

1. காலி நாற்காலிகள்

இருபது நாற்காலி போட்டோம். வந்தது நாலு பேர். அதிலும் ஒருவர், பக்கத்துத் தெருவுக்கு சிலிண்டர் போட வந்து, என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்தவர்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளிக்கு நான் தலைமை ஆசிரியையாகப் போய் நடத்திய முதல் பெற்றோர் கூட்டம் அது. வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணி. மிக்சர், டீ எல்லாம் சொல்லி வைத்திருந்தேன். மூன்றே காலுக்கு வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். மூன்றரைக்கு மறுபடி போனேன். எனக்கு உட்கார்ந்து காத்திருக்க வராது. மீஞ்சூரில் ரயிலுக்கு நிற்கும்போதுகூட பிளாட்பாரத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டிருப்பேன்.

"இந்த ஜனங்களுக்குப் புள்ளைங்க மேல அக்கறையே இல்ல. பெத்துப் போட்டதோட சரி" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

உடன் வேலை பார்த்த கமலா டீச்சர் ஆரம்பாக்கத்துக்காரர். எதற்கும் பதறமாட்டார். மிக்சர் தட்டை மூடி வைத்துக்கொண்டே, "அக்கறை இல்லன்னு சொல்லாதீங்க டீச்சர். மூணாம் கிளாஸ் ஜெனிபர் அட்டெண்டென்ஸ எடுத்துப் பாருங்க. எனக்கு ஒண்ணும் புரியல" என்றார்.

எடுத்துப் பார்த்தேன். ஐந்து நாள் ஆப்சென்ட். அடுத்த இரண்டு வாரம் ஒரு நாள் தவறாமல் பிரசென்ட். மறுபடி ஐந்து நாள் ஆப்சென்ட். மறுபடி இரண்டு வாரம் பிரசென்ட். காய்ச்சல் இப்படிக் கணக்கு வைத்துக்கொண்டு வராது.

ஜெனிபர் சூட்டிகையான பெண். இரண்டாம் வகுப்பு முடிகிறவரை எழுத்துக்கூட்டித் திணறியவளுக்கு மூன்றாம் வகுப்பில் திடீரென்று படிப்பு பிடிபட்டுவிட்டது. ஜன்னல் வழியே ரோட்டில் போகிற லாரியின் முதுகில் எழுதியிருப்பதை எல்லாம் பாடத்துக்கு நடுவில் சத்தமாகப் படிப்பாள். "வாயை மூடு" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். படிக்க வந்துவிட்ட பிள்ளை மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் காணாமல் போனால் எந்த டீச்சருக்கும் வயிறு எரியும். எனக்கும் எரிந்தது.

கூப்பிட்டுக் கேட்டேன். "ஏன் வரல?"

தரையைப் பார்த்தாள்.

"அம்மா எங்க வேலைக்குப் போறாங்க?"

கம்பெனி பெயரைச் சொன்னாள். அம்மாவின் போனுக்கு அடித்தேன். அன்று மூன்று முறை, மறுநாள் இரண்டு முறை. எடுக்கவில்லை. மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது எனக்கு.

2. ரவுண்டு சீல்

இளைய ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நம் தொழிலில் காகிதத்தின் மேல் ஒரு மூடநம்பிக்கை வந்துவிடும். பெஞ்சு வேண்டுமா, லெட்டர். கழிவறைக்குத் தண்ணீர் வரவில்லையா, லெட்டர். லெட்டர்பேடில் எழுதி, பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, ரவுண்டு சீலைக் குத்திவிட்டால் உலகம் அசைந்து கொடுக்கும் என்று நம்பி நம்பியே எனக்குத் தலை நரைத்தது.

அன்றும் எழுதினேன். கம்பெனி மேலாளருக்கு. "தங்கள் நிறுவனத்தில் பணிபுரியும் திருமதி ரோசி என்பவரின் மகள் அடிக்கடி பள்ளிக்கு வருவதில்லை. வீட்டில் போதிய கவனிப்பு இல்லை எனத் தெரிகிறது. மேற்படியாரைப் பெற்றோர் கூட்டத்துக்குத் தவறாமல் அனுப்பி வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

கமலா டீச்சர் படித்துவிட்டு, "அந்தம்மாவ ஒரு தபா நேர்ல பாத்துடலாமே டீச்சர்" என்றார்.

"பாக்கறதுக்குத்தானே எழுதறேன்" என்றேன்.

அன்று மாலையே ஷேர் ஆட்டோவில் போய், கம்பெனி கேட்டில் இருந்த செக்யூரிட்டியிடம் கொடுத்தேன். நோட்டில் என்ட்ரி போட வைத்து, சரிபார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஒரு பிள்ளைக்காக இவ்வளவு அலைகிற எச்.எம். யார் இருக்கிறார்கள் என்று ரயிலில் வரும்போது என்னை நானே மெச்சிக்கொண்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

3. டீ.சி.

நாலாம் நாள் காலை ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கம்பெனிக் கோட்டு இல்லை, சாதாரணப் புடவை. இடுப்பில் மூன்று வயதுப் பையன். வணக்கம் சொல்லவில்லை.

"ஜெனிபர் அம்மா. டீ.சி. குடுத்துடுங்க டீச்சர். சூலூர்பேட்டைல எங்கம்மா ஊட்டுக்குப் போறோம்."

அதுதான் ரோசி. நான் இன்னும் விஷயம் புரியாமல், "நடுவுல எங்க போறீங்க? அங்க தெலுங்கு மீடியமாச்சே! இப்பத்தான் தமிழ் படிக்க வந்துருக்கு அதுக்கு" என்றேன்.

"இன்னா பண்ணச் சொல்றீங்க? வேல பூட்ச்சி. கேட் பாஸ வாங்கிக்கினாங்க."

"எதுக்கு?"

"உங்க லெட்டருக்குத்தான்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். அவள் கம்பெனி ஆள் இல்லை, காண்ட்ராக்ட் ஆள். லெட்டர் மேலாளரிடமிருந்து காண்ட்ராக்டருக்கு வந்திருக்கிறது. அவர் ஷிப்ட் ஆரம்பத்தில், லைனில் எல்லோரும் நிற்கும்போது, அதைப் படித்துக் காட்டியிருக்கிறார்.

"'ஊட்ல கவனிப்பு இல்ல'ன்னு எழுதிக்கீறீங்களே டீச்சர், எந்த ஊட்டுக்கு வந்து பாத்தீங்க? ஸ்கூல்லேந்து லெட்டர் வர அளவுக்கு பேஜாரு இருந்தா நீ ஊட்லயே இருன்னு அனுப்பிட்டாரு."

"அஞ்சு தடவை போன் பண்ணேனேம்மா..."

"போன கேட்லயே வாங்கி வெச்சிக்குவாங்க. இதுகூடத் தெரியாதா, இத்தினி கம்பெனிய சுத்தி வெச்சிக்கினு?"

தெரியாதுதான். பதினைந்து அடி ரோட்டுக்கு அந்தப் பக்கம், தொழிற்பேட்டைக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அப்புறம்தான் அந்த மூன்று வாரக் கணக்கு விளங்கியது. காலைக்கு ஏ, மதியத்துக்கு பி, ராத்திரிக்கு சி என்று வாரம் ஒரு ஷிப்ட். புருஷன் லாரி டிரைவர், வடக்கே போனால் வர இருபது நாள் ஆகும். பக்கத்து வீட்டு அம்மா மாலையும் ராத்திரியும் பிள்ளைகளோடு இருந்துகொள்வார். ஆனால் விடிவதற்குள் மீன் எடுக்கப் போய்விடுவார். பி ஷிப்டிலும் சி ஷிப்டிலும் ரோசி காலையில் வீட்டில் இருப்பாள், சிக்கல் இல்லை. ஏ ஷிப்ட் வாரத்தில் விடிகாலை ஐந்தே காலுக்கு கம்பெனி வேன் வந்துவிடும். பால்வாடி திறக்கப் பத்து மணி. அதுவரை தம்பியை யார் பார்ப்பது? எட்டு வயது ஜெனிபர்தான்.

"பத்து மணிக்கு அவன பால்வாடில உட்டுட்டு இங்க வரலாமில்ல?" என்றேன். கேட்டிருக்கவே கூடாது.

"ஒம்போதரைக்கு கேட்டு மூட்றது யாரு டீச்சர்? ஒரு நாளு தம்பியத் தூக்கிக்கினே வந்துச்சு. 'இது இன்னா ஸ்கூலா, சந்தையா'ன்னு திருப்பி அனுப்பனது யாரு? பொண்ணு அன்னிக்குப் பூரா அழுதுச்சு. காலைல இங்க போடற நாஷ்டாவும் போச்சு."

அது நான்தான். எனக்கு ஞாபகம்கூட இல்லை. தினமும் பத்துப் பேரை விரட்டுகிறவளுக்கு எது ஞாபகம் இருக்கும்?

"டீ.சி. எப்ப கெடைக்கும்?" என்றாள் ரோசி.

"டீ.சி. இப்ப கம்ப்யூட்டர்லதான் போடணும், சர்வர் வேலை செய்யலம்மா. ரெண்டு நாள் ஆகும்" என்றேன். பச்சைப் பொய். சர்வர் அன்றைக்கு நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

4. ஒன்பது நாள்

அன்று மதியமே காண்ட்ராக்டர் ஆபீசுக்கு ஓடினேன். பைபாஸ் பக்கம் ஒரு டயர் கடை மாடி. ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்தார்கள். நாற்காலி இருந்தும் நான் உட்காரவில்லை. மாடிப்படியில் ஏறினேன், இறங்கினேன், டயர்களை எண்ணினேன்.

காண்ட்ராக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "உங்க மேல கோவம் இல்ல மேடம். நாளைக்கி புள்ளைக்கி ஒண்ணுன்னா, ஷிப்ட் போட்டவன் நீன்னு எங்களத்தான கேப்பாங்க? ஊட்ல ஒரு பிரச்சனையும் இல்லன்னு நீங்களே இன்னொரு லெட்டர் எழுதிக் குடுங்க, பாக்கலாம்."

பையில் லெட்டர்பேடு இருந்தது. கையும் உள்ளே போய்விட்டது. பேனாவைத் திறந்த பிறகுதான் உறைத்தது. ரோசியைக் கேட்காமல் அவள் வீட்டைப் பற்றி மறுபடியும் நானே எழுதுவதா? வெளியே வந்து அவளுக்குப் போன் போட்டேன். இந்த முறை எடுத்தாள். வேலைதான் இல்லையே.

"எழுதாதீங்க டீச்சர்" என்றாள். "உங்க காயிதத்தால வெளிய வந்தேன். உங்க காயிதத்தால உள்ள போனா, நாளைக்கி எவன் வேணாலும் எனக்கு ஒரு காயிதம் எழுதுவான். நானே பேசிக்கறேன். நீங்க தம்பிய மட்டும் உள்ள உடுங்க."

மறுநாள் பிரேயரில் அறிவித்தேன். ஏ ஷிப்ட் வாரத்தில் யார் வேண்டுமானாலும் தம்பி தங்கையைக் கூட்டி வரலாம். சமையல் அம்மா எட்டு மணிக்கே வருவார், அப்போதிருந்தே கேட் திறந்திருக்கும். பால்வாடி திறக்கும்வரை சின்னதுகள் என் ரூமில் இருக்கட்டும். ரூல்ஸ்படி சரியா என்று கேட்காதீர்கள், சரியில்லைதான். ஒரே வாரத்தில் என் ரூமில் ஐந்து வாண்டுகள். ஒன்று என் ஸ்டாம்ப் பேடைத் தின்னப் பார்த்தது.

ஆனால் ஜெனிபர் வரவில்லை. வேலை திரும்பக் கிடைக்காவிட்டால் சூலூர்பேட்டைதான், டீ.சி. வாங்கப்போகிற பிள்ளையை அனுப்புவானேன் என்று ரோசி விட்டுவிட்டாள். தினமும் காலையில் மூன்றாம் வகுப்பு வாசலில் போய் நின்று அவள் உட்காரும் இடத்தைப் பார்ப்பேன். ராத்திரி படுத்தால், லைனில் என் வரிகளை ஒருவர் உரக்கப் படிக்கிற மாதிரியே இருக்கும். இரண்டு நாளைக்கு ஒரு முறை ரோசி வந்து டீ.சி. கேட்பாள். சர்வர் என்பேன். போய்விடுவாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையைக் கேட்டிருக்கிறேன். அந்த ஒன்பது நாளும் அது என் கதையாக இருந்தது.

பத்தாம் நாள் ஜெனிபர் வந்தாள், தம்பியோடு. எட்டு மணிக்கே. ரோசியுடன் ஒரே வேனில் போகிற பெண்கள் ஆறு பேர் காண்ட்ராக்டரிடம் போயிருக்கிறார்கள். "எங்க எல்லார் ஊட்லயும் கொயந்த கீது. அப்ப எங்க பாஸையும் வாங்கிக்கோ" என்று சொல்லியிருக்கிறார்கள். பாஸ் திரும்பக் கிடைத்தது. பழைய இடம் கிடைக்கவில்லை. பேக்கிங்கில் உட்கார்ந்து வேலை செய்தவளை, எட்டு மணி நேரமும் நிற்கிற பிரஸ் செக்ஷனில் போட்டுவிட்டார்கள். அதற்கு நான்தான் காரணம். இன்றைக்கும் அவள் அங்கேதான் நிற்கிறாள்.

5. வேன் ஸ்டாப்

அதன் பிறகு பெற்றோர் கூட்டத்தை நாற்காலி போட்டு நடத்தவில்லை. ஏ ஷிப்ட் முடிந்து இரண்டரைக்கு வேன் வந்து நிற்கிற இடத்தில் நாங்கள் போய் நின்றோம். ஒரு வாரம் ஒரு பேட்ச், மூன்று வாரத்தில் எல்லா அம்மாக்களையும் பார்த்துவிடலாம். இது என் மூளையில் உதித்ததில்லை, வேன் பெண்கள் சொன்னது. பத்தே நிமிடம். நாங்கள் பேசுவது இரண்டு, அவர்கள் பேசுவது எட்டு.

இளைய ஆசிரியர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். பெற்றோருக்காக யாரிடமும் பேசும் முன்னால், முதலில் அந்தப் பெற்றோரிடம் பேசுங்கள். அவர்கள் வரவில்லையென்றால் அவர்கள் இருக்கிற இடத்துக்குப் போங்கள். நல்ல எண்ணம் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். எனக்கும் நல்ல எண்ணம்தான் இருந்தது.

வேன் ஸ்டாப்பில் நடந்த முதல் கூட்டத்துக்கு ரோசி வந்திருந்தாள். எல்லோரும் கலைந்த பிறகும் நின்றாள். பிரஸ் செக்ஷனில் நின்று நின்று கால் வீங்கியிருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவளே கேட்டாள்.

"அந்த டீ.சி. எழுதிட்டீங்களா டீச்சர்?"

"இல்லம்மா."

"ஒம்போது நாளா சர்வர் வேல செய்யலயாக்கும்?"

"செஞ்சுது. எனக்குத்தான் மனசு வரல."

அவள் சிரிக்கவில்லை.

"நீங்க எழுதாம உட்டது அது ஒண்ணுதான் டீச்சர். அதனாலதான் என் பொண்ணு இங்க படிக்குது" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு, பையனை அழைக்கப் பால்வாடிப் பக்கம் நடந்தாள்.