மைக்கிடம் சொல்லியனுப்பிய சேதி

போன வாரம் சாத்தூரிலிருந்து போன் வந்தது. சுப்புத்தாய் அக்காவின் மருமகள் பேசினார். “அத்தை நேத்து ராத்திரி தூக்கத்துலயே போயிட்டாக. உங்களுக்கு மொதல்ல சொல்லணும்னாக. அழுகாமச் சொல்லணும்னும் சொல்லியிருந்தாக” என்றவர், அதற்கு மேல் தாங்காமல் அழுதுவிட்டார். எனக்கும் அழுகைதான். ஆனால் சாவுச் சேதிக்குக்கூட இப்படிச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாரே என்று நடுவில் சிரிப்பும் வந்தது.

அறுபதுகளில் விருதுநகரில் ஒரு பெண்கள் கல்லூரியில் நானும் அக்காவும் மனையியல் படித்தோம். என் அத்தா பஜாரில் மல்லி, வத்தல் வியாபாரம் பார்த்தார். அக்கா சாத்தூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி வீட்டு மருமகள். படிப்புக்கு நடுவிலேயே கல்யாணமாகி, தினமும் பாசஞ்சர் ரயிலில் வந்து போனார். எங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்பதால் வகுப்புக்கே அவர் அக்கா. வாய் ஓயாது. “ஏ பிள்ள நூரு, நான் பேசாம இருந்தா நாடி பிடிச்சுப் பாரு” என்று என்னிடம் சொல்வார்.

‘குடும்ப உறவுகள்’ என்றொரு பாடம். வீட்டுக்குள் யார் பேச்சு யாருக்குப் போகிறது என்று படம் வரைந்து வரச் சொன்னார்கள். நாங்கள் அத்தா, அம்மா, அண்ணன் என்று வட்டம் போட்டுக் கோடு இழுத்தோம். அக்காவின் படத்தில் நட்டநடுவில் ஒரு காளைமாடு நின்றது.

“இது யாரும்மா?” என்றார் மிஸ்.

“எங்க வீட்டு மயிலை, மிஸ். எங்க மாமா எங்கிட்ட நேரே பேச மாட்டாக. ‘ஏலே மயிலை, கஞ்சி ஊத்தச் சொல்லு’ம்பாக. நானும், ‘மயிலை, ஊத்தியாச்சு, வரச் சொல்லு’ம்பேன். எல்லாச் சேதியும் அது வழியாத்தான்.”

மாமனாரும் மருமகளும் முகம் பார்த்துப் பேசாத வீடுகள் அன்று நிறைய. அதைப் படமாக வரையலாம் என்று எங்களுக்குத்தான் தோன்றவில்லை. மிஸ் சிரித்துச் சிரித்து, முழு மார்க் போட்டார்.

கடைசி வருஷம் பரீட்சை நெருங்கும்போது அந்தக் காளை வழியாகவே இடி இறங்கியது. “ஏலே மயிலை, பருத்தி எடுப்பு வருது. படிச்சது போதும், வீட்டுல இருக்கச் சொல்லு.” கணவர் சிவகாசியில் அச்சு கம்பெனியில் வேலை பார்த்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் அப்பா பேச்சைத் தாண்ட மாட்டார். மறுநாள் ரயிலிலிருந்து இறங்கிய அக்காவின் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. மூன்று வருஷப் படிப்பு பருத்திக் காட்டோடு போய்விடும் என்று நான் பயந்தே போனேன்.

அந்தச் சமயம் ‘மக்கள் தொடர்பு’ செய்முறைக்காகப் பெற்றோர் விழாவை நாங்களே நடத்த வேண்டியிருந்தது. சிவகாசி மாணவிகளின் வீடுகளிலிருந்து வாண வெடிகள் வந்து இறங்கின. அக்கா காளையிடம் போய், “மயிலை, காலேஜுல வாணம் விடுறாகளாம், மாமாவ வந்து பாக்கச் சொல்லு” என்றிருக்கிறார். வாணம் என்றால் மாமனாருக்கு உயிர். வெளுத்த வேட்டியும் துண்டுமாக முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

நன்றியுரை அக்காவுடையது. எல்லோருக்கும் நன்றி சொல்லி முடித்தவர், மேடையை விட்டு இறங்காமல் மைக்கைப் பார்த்தார்.

“ஏ மைக்கு, எங்க மாமா முன்னாடிதான் இருக்காக. பரிச்சை வருது. நான் எழுதட்டுமானு கேட்டுச் சொல்லு.”

பிரின்சிபால் அம்மா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். மாமனார் எழுந்தார். வெளியே போகிறார் என்றே நினைத்தேன். அவர் நேராக மேடையேறி மைக்கிடம் குனிந்தார். அது கீச்சென்று கத்தியது.

“இதென்ன, மயிலையவிட முரண்டு பிடிக்குது!” என்று ஓர் எட்டுப் பின்வாங்கினார். அரங்கமே சிரித்தது. துண்டைச் சரிசெய்துகொண்டு மறுபடி குனிந்தார். “ஏ மைக்கு, பருத்திய நாங்க எடுத்துக்கிருவோம். பரிச்சைய எழுதிட்டு வரச் சொல்லு.”

அன்று விட்ட வாணத்தைவிட நாங்கள் போட்ட கூச்சல்தான் பெரிது.

ரிசல்ட் வந்த அன்று நான் அக்கா வீட்டில் இருந்தேன். மத்தியானம் மாமனார் பேப்பரோடு வந்தார். முற்றத்தில் நின்று, நேரே மருமகளின் முகத்தைப் பார்த்தார்.

“தாயி, நீ பாஸாயிட்டே.”

அக்காவுக்குப் பேச்சே வரவில்லை. வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்று, கடைசியில் அழுதார். அந்த மனுஷருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பையிலிருந்து ஒரு சரவெடியை எடுத்து, பட்டப்பகலில் முற்றத்திலேயே கொளுத்திவிட்டார். கோழிகள் கூரை மேல் ஏறின. புகைக்குள் அழுகையும் சிரிப்புமாக நின்ற அக்காவைத்தான் நான் என்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

அக்கா, நடுவில் யாரையும் வைக்காமல் உங்களிடமே சொல்கிறேன். உங்களோடு படித்ததுதான் நான் படித்த படிப்பு. போய் வாருங்கள்.