ஏட்டம்மா நிறுத்திவைத்த டி.சி.

2006-ல் வீரபாண்டிப் பக்கத்து எங்கள் பள்ளிக்கு ஏட்டம்மா ஒச்சம்மாள் வந்த முதல் வியாழக்கிழமை, எட்டாம் வகுப்பில் பாதிப் பெஞ்சு காலி. போதைப்பொருள் பற்றிப் பாடம் எடுக்கத்தான் போலீஸ் வருகிறது என்று எவ்வளவோ சொன்னோம். லீவு நாளில் பனியன் கம்பெனிக்குப் போகும் பிள்ளைகளைப் பிடிக்க வருகிறார்கள் என்று நினைத்து, பெற்றவர்களே வீட்டில் நிறுத்திவிட்டார்கள். வந்தவர்களுக்கு ஏட்டம்மா கஞ்சாச் செடியின் படத்தைக் காட்டினார். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். மறைப்பானேன், வகுப்பாசிரியரான நானும் விட்டேன்.

மறுவாரம் முனீஸ் என்ற எட்டாம் வகுப்புப் பையனின் பையில் ஈரத் துணி ஒன்று சிக்கியது. கம்பெனியில் துணிக் கறை எடுக்கும் மருந்தில் நனைத்து, முகர்ந்துகொண்டிருந்திருக்கிறான். தலைமையாசிரியர் ஆறுச்சாமி கொதித்துப்போய் டி.சி. எழுதச் சொன்னார். நானும் அழகான கையெழுத்தில் எழுதினேன். ஒழுக்கம் என்ற இடத்தில் ‘திருப்தியில்லை’.

முனீஸின் அம்மா சீனியம்மாள் வாசலில் நின்று அழுதாள். வகுப்புக்கு வந்த ஏட்டம்மா துணியைக் கையில் வாங்கியதுமே கண்டுபிடித்துவிட்டார்.

“ஐயா, இது செக்கிங் டேபிள்ல இருக்கிற மருந்து. உசிலம்பட்டியில இருந்து பிழைக்க வந்து, நானும் கம்பெனியில வேலை பார்த்தவதான். இவன் வயசுல நானும் இதை மோந்திருக்கேன். இப்ப டி.சி.யைக் குடுத்தா இவன் எங்க போவான்? கம்பெனிக்குத்தான். அந்த பாட்டில் பக்கத்துலயே நாமளே கொண்டுபோய் உட்கார வைக்கிறோம்.”

“மத்த பசங்க கெட்டுப்போனா யாருங்க பொறுப்பு?”

“நான் பொறுப்பு. வாராவாரம் வாரேன்.”

“மேசைக்குள்ள வையுங்க, சசிகுமார். ஒரு மாசம் பார்க்கலாமுங்க” என்று ஆறுச்சாமி டி.சி.யை என் பக்கம் தள்ளினார்.

அன்று ஏட்டம்மா படம் எதையும் எடுக்கவில்லை. அந்த மருந்தை முகர்ந்து தலை சுற்றியதையும், மெஷின் ஊசி விரலில் ஏறியதையும் சொல்லி, தழும்பைப் பெஞ்சு பெஞ்சாகக் காட்டினார். ஒரு பிள்ளையும் கொட்டாவி விடவில்லை. அடுத்த வியாழன் இரண்டு பேர் தாங்களாகவே துணியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். காலிப் பெஞ்சுகளும் நிறைந்தன. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் பதினைந்து வருடம் எடுத்த பாடம் எதுவும் அப்படி ஏறியதில்லை.

2009-ல் முனீஸ் பத்தாவது தேறினான். சீனியம்மாளோடு ஏட்டம்மாவும் ஆபீசுக்கு வந்திருந்தார்.

“இப்பக் குடுங்க சார் டி.சி.யை. பாலிடெக்னிக்ல சேர்க்கப் போறோம்” என்றார் ஏட்டம்மா.

அன்றிலிருந்து மேசைக்குள்ளேயே கிடந்த பழையதை அவர் கண்ணெதிரே கிழித்துப் போட்டேன். புதியதில் ஒழுக்கம் என்ற இடத்தில் ‘நன்று’ என்று எழுதி அவன் கையில் கொடுத்தேன்.