எட்டாவது பிரிவு

சுருக்கெழுத்துக்காரனுக்குக் காதும் விரலும் போதும், மற்றதெல்லாம் வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும் என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். கார்பன் மையில் விரல் கறுத்தவர்கள் இதைப் படித்தால், என் பிழையை மன்னிப்பார்கள்.

மூன்று நாள் இழுப்பறை

எண்பதுகளின் கடைசியில் மேற்குத் தாம்பரம் ஸ்டேஷனுக்கு அருகே ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்தேன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய சுருக்கெழுத்துப் புத்தகத்தைப் பார்த்து நானே கற்றுக்கொண்ட தொழில். காலையில் இரண்டு மணி நேரம், சேலையூரில் குடியிருந்த ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு வேலை பார்த்தேன். ஐயா என்றுதான் கூப்பிடுவேன்.

ஐயா சொல்வதை எழுதி, அடித்து, ஒப்புப் பார்த்துக் கொடுத்தால் உடனே கையெழுத்துப் போட மாட்டார். மூன்று நாள் மேசை இழுப்பறையில் கிடக்கும். பிறகு புதிதாகப் படிப்பது போலப் படிப்பார். அவசரம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "எழுதின அன்னிக்கு எல்லாமே சரியாத்தான் தெரியும், ஞானராஜ்" என்றார்.

வெளியாள்

ஒரு வியாழக்கிழமை மீனம்பாக்கத்திலிருந்து நேராக ஒருவர் டாக்சியில் வந்து இறங்கினார். ஒரு சின்னத் தீவு நாட்டின் சட்டத்துறைச் செயலாளர். பாட்டனார் காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து போன குடும்பமாம். தமிழை யோசித்து யோசித்துப் பேசினார். தங்கள் நாட்டின் தலைமை நீதிபதியாக வர முடியுமா என்று ஐயாவைக் கேட்கத்தான் வந்திருந்தார்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஐயாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. ஆனாலும், "உங்க நாட்டுல ஆளே இல்லையா?" என்று கேட்டார். வந்தவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஆள் உண்டு ஐயா. ஆனா மந்திரி, வக்கீல், ஜட்ஜு எல்லாரும் ஒருத்தருக்கு ஒருத்தர் சம்பந்தி. எங்களுக்குத் தீர்ப்புச் சொல்ல, யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகாத மனுஷர் வேணும்."

பென்சில் கோடு

கொண்டுவந்த ஒப்பந்தத்தை ஐயா பென்சிலோடு படித்தார். எட்டாவது பிரிவில் நின்றார். பதவி இரண்டு வருஷம். அரசாங்கத்துக்குத் திருப்தியானால் நீட்டிக்கப்படும் என்று இருந்தது. இரண்டை ஐந்தாக்கி, மீதியைக் கோடு போட்டு நீக்கிவிட்டார். ஐந்து வருஷம், நீட்டிப்பே கிடையாது. இதற்குச் சம்மதித்தால் வருகிறேன், இல்லாவிட்டால் இல்லை என்றார்.

"உங்களை நீட்டிக்காம விடுவோமா ஐயா?" என்று வந்தவர் சிரித்தார். ஐயா சிரிக்கவில்லை.

"அதைத்தான் சொல்றேன். அரசாங்கத்து மேலயே கேஸ் வரும். நான் பேப்பரைப் பார்க்கணும், உங்க முகத்தைப் பார்க்கக் கூடாது."

பழகின விரல்

வந்தவருக்கு மறுநாள் மதியம் விமானம். அதனால் ஐயா தன் வழக்கத்தை விட்டு, மறுநாள் காலையே கையெழுத்திடுவதாகச் சொன்னார். நான் கடைக்கு ஓடிப் புதுப் பிரதி அடித்தேன். திருப்தியானால் நீட்டிக்கப்படும் என்பது கம்பெனி வேலை உத்தரவுகளில் நூறு முறை அடித்த வாசகம். பென்சில் கோட்டைக் கண் பார்த்தது, விரல் பார்க்கவில்லை. அடித்த அசலை அப்படியே ஐயாவிடம் கொடுத்துவிட்டு, ஒப்புப் பார்க்காத கார்பன் பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஒப்புப் பார்க்க ஒருவர் வாசிக்க வேண்டும், ஒருவர் குறிப்பைப் பார்க்க வேண்டும். அடுத்தவர் காகிதத்தை வீட்டில் வாசிப்பது தப்புத்தான். ஆனால் பள்ளிக்கூட டீச்சரான என் மனைவி எஸ்தரைப் போல நிறுத்தி வாசிக்க ஆள் கிடையாது. எட்டாவது பிரிவில் அவள் நிறுத்தினாள்.

"ஐந்து வருஷம்னு போட்டுட்டு, திருப்தியானா நீட்டிக்கலாம்னும் போட்டிருக்கீங்களே. இதுக்கா அந்த மனுஷன் ஒத்துக்கிட்டார்?"

திறந்த பேனா

காலையில் சேலையூருக்கு சைக்கிளை மிதித்துப் போனபோது, வந்தவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ஐயாவின் பேனா திறந்திருந்தது. கடைசிப் பக்கம் மேலே இருந்தது. எட்டாவது பிரிவில் பிழை என்று நான் வாசலிலிருந்தே சொல்லிவிட்டேன். வந்தவர், "அடிச்சாச்சு, அது பாட்டுக்கு இருக்கட்டும் ஐயா. யாருக்கு என்ன தொந்தரவு?" என்றார். அவர் அதை முன்பே பார்த்திருந்தார் என்று எனக்குத் தோன்றியது. ஐயா எட்டாவது பிரிவைத் தேடிப் படித்தார். பேனாவை மூடினார்.

"யார் கண்டுபிடிச்சது?" என்றார்.

"என் மனைவி ஐயா. வீட்டுல வச்சுப் படிச்சோம்."

வேலை போயிற்று என்றுதான் நின்றேன்.

"வீட்டுக்குக் கொண்டு போனது தப்பு" என்றார். காகிதங்களை என்னிடம் நீட்டி, "டீச்சரம்மாகிட்ட நான் வணக்கம் சொன்னேன்னு சொல்லுங்க."

பூத்துக்காரர்

அந்த வரியை நீக்கிப் பிரதியை மறுபடி அடித்தேன். அதற்குத் தன் அரசாங்கத்திடம் சம்மதம் கேட்க, வந்தவர் என் கடைக்குப் பக்கத்து ஐ.எஸ்.டி. பூத்தில் நாற்பது நிமிஷம் பேசினார். விமானம் போய்விட்டது. கண்ணாடிக் கதவுக்குள் அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. வெளியே வந்து என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். ஒத்துக்கொண்டார்கள்.

அவர் போன பிறகு பூத்துக்காரர் என்னிடம் வந்தார். "இன்னா சார், அவரு வூட்டுல யாருக்குன்னா சீரியஸா? பாஷை புரியல, ஆனா ஒரே கெஞ்சலா கெஞ்சிகினு இருந்தாரு."

திரும்பி வந்தவர்

ஐயா ஐந்து வருஷம் இருந்தார். மூன்றாவது வருஷம், அந்நாட்டு அரசாங்கத்தின் மந்திரி ஒருவரின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னாராம். தவணை முடிந்து சேலையூருக்கு வந்த மறுநாளே என் வீட்டுக்கு வந்தார். எஸ்தர் போய் அப்போது எட்டு மாதம். அவள் படத்துக்கு முன்னால் செருப்பில்லாமல் நின்றார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை.

"எட்டாவது பிரிவுல அந்த வரி இருந்திருந்தா அந்தத் தீர்ப்பை எழுத எனக்குக் கை வந்திருக்குமான்னு இன்னிவரைக்கும் தெரியல, ஞானராஜ்."

வாழ்நாளெல்லாம் பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளியவன் நான். ஒரு நாட்டுக்கு உபயோகமானது, எஸ்தர் சொல்லி நான் அடிக்காமல் விட்ட ஒரே ஒரு வரி.