எக்ஸ்ரே ஃபிலிம்

ஒரகடம் கூட்டுரோடு. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் ஊர்கின்றன. புழுதிக்குள் சூரியன் கண் கூசாத சிவப்பில் நிற்கிறது. 2031இல் மதுரைப் பக்கம் தெரியப்போகும் வளைய கிரகணத்துக்கு இடம் பார்க்கப் போவதாக டீக்கடை அம்மாவிடம் சொல்கிறேன்.

“அதுக்கு இன்னாத்துக்கு சார் அவ்ளோ தூரம்? வூட்ல எக்ஸ்ரே ஃபிலிம் கீது, அதுல பாத்துக்குவோம்.”

“வேணாம்மா. என் மனைவிக்கு நான் அப்படித்தான் காட்டினேன். படிச்சவன், எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அன்னையிலேருந்து அவ எதைப் பாத்தாலும் நடுவுல கறுப்பு.”

“அப்போ உங்க மூஞ்சி?”

“காதோரம்தான் தெரியும்.”

அந்த அம்மா டீயை ஆற்றி என் பக்கம் நகர்த்துகிறார்.

காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது மனைவிக்கு வளையத்தை விளக்கினேன்: நடுவில் கறுப்பு, சுற்றிலும் வெளிச்சம்.

“அதைத்தான் தினமும் உங்க முகத்துல பாக்குறேனே,” என்றாள்.

என் பஸ் வந்து நிற்கிறது. ஏறக் கால் வரவில்லை.