பெயர் போடாத சீட்டு

எங்கள் சபையில் ஜெப விண்ணப்பச் சீட்டுகளைச் சத்தமாகப் படிக்கும் வேலை எனக்கு வந்தது என் குரலுக்காகத்தான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் அதைச் செய்தவர் சபைச் செயலாளர். ஒவ்வொரு சீட்டையும் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக யாரையாவது ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வை போன திசையில் அடுத்த வாரம் முழுக்கப் பேச்சு நடக்கும். படிப்பதன் பொருள் விளங்காத ஆளாகப் பார்த்துப் போடுங்கள் என்று கமிட்டியில் யாரோ சொல்ல, ஐந்தாம் வகுப்பில் இருந்த நான் பொருத்தமாகப் பட்டிருக்கிறேன்.

இப்போது விண்ணப்பமெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடுகிறது. கைகூப்பும் பொம்மை போட்டால் ஜெபித்துவிட்டதாக அர்த்தம். அப்போது கோயில் வாசலில் சிவப்புத் துணி ஒட்டிய பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. வருகிறவர்கள் சீட்டு எழுதி அதில் போடுவார்கள். பிரசங்கம் முடிந்ததும் நான் முன்னால் போய் நின்று ஒவ்வொன்றாகப் படிப்பேன். உபதேசியார் ஒவ்வொன்றுக்கும் ஜெபிப்பார். சபை ஆமென் சொல்லும். எழுத்தை வேறு யாரும் பார்க்கக் கூடாது என்பதால், ஆராதனை முடிந்ததும் சீட்டுகளை நானே சுக்குநூறாகக் கிழித்துவிட வேண்டும். மகனுக்கு சிமெண்ட் ஆலையில் வேலை நிரந்தரமாக வேண்டும், மூட்டு வலி தீர வேண்டும், ஜெயங்கொண்டத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்கும் மாமியாருக்கும் சமாதானம் வேண்டும் என்று அரியலூரின் கவலை முழுவதும் அந்த டின்னுக்குள் அடங்கிவிடும்.

போதகரை நாங்கள் ஐயர் என்போம். அவர் இருந்தது பெரம்பலூரில். இரண்டு ஊரையும் அவரே பார்க்க வேண்டியிருந்ததால், மாதத்தில் ஒரு ஞாயிறு பஸ் ஏறி வந்து அப்பமும் ரசமுமாகத் திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்றபடி ஆராதனை, பாட்டுக்குழு, ஞாயிறு பள்ளி, கல்யாண வீடு, சாவு வீடு எல்லாமே உபதேசியார் பொறுப்பு. ஜெயராஜ் என்று பெயர். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. அவர் ஜெபிக்க ஆரம்பித்தால் சித்திரை வெயிலில்கூடப் பெண்கள் விசிறுவதை நிறுத்திவிடுவார்கள்.

அவரும் அவர் மனைவியும் கோயிலுக்குப் பின்னால் இருந்த கோயில் வீட்டில் குடியிருந்தார்கள். இங்கே வருவதற்கு முன்பு அவர்களுக்குப் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் குழந்தை பிறந்து, இரண்டே நாளில் இறந்துவிட்டது. அம்மா அத்தையிடம் சொன்னதை ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதைப் பற்றி அங்கே போய் வாயைத் திறந்தால் சூடு வைப்பதாக எனக்குத் தனியாக அறிவிக்கப்பட்டது. அந்த அக்கா யாரிடமும் அதிகம் பேச மாட்டார். பெண்கள் பக்கம் தூண் ஓரமாக உட்கார்ந்திருப்பார். ஆமெனுக்குக்கூட உதடு அசையாது. உபதேசியார் எப்போதும் சிரித்த முகம். பிள்ளையைப் பறிகொடுத்தும் மனுஷன் எவ்வளவு திடமாக இருக்கிறார் என்று சபையே மெச்சியது.

அவர் வந்த இரண்டு மாதத்தில் டின்னில் இரண்டு சீட்டுகள் வாரம் தவறாமல் வர ஆரம்பித்தன. ஒன்று, காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலில் எழுதியது: என் வீட்டுக்காரருக்குக் கல்நெஞ்சு, கர்த்தர் அதை மாற்ற வேண்டும். இதற்குப் பெண்கள் பக்கமிருந்து ஆமென் கொஞ்சம் கூடுதல் சத்தமாகவே வந்தது. மற்றது கோடு போட்ட நோட்டுத் தாளில் பேனாவில் எழுதியது: ஜெபிக்க உட்கார்ந்தால் எனக்கு ஜெபம் வரவில்லை, எனக்காக ஜெபியுங்கள். இரண்டிலும் பெயர் இல்லை. உபதேசியார் இரண்டுக்கும் மனம் உருகித்தான் ஜெபித்தார்.

என் அம்மா பெண்கள் சங்கச் செயலாளர், அந்த வகையில் கமிட்டியிலும் இருந்தார். கல்நெஞ்சு எந்த வீட்டிலும் இருக்கக்கூடியதுதான் என்று அதை விட்டுவிட்டார். ஆனால் ஜெபம் வராத ஒரு ஆள் சபைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது அவருக்குத் தாங்கவில்லை. யார் யாரையோ சந்தேகப்பட்டு, கடைசியில் சொந்தத் தம்பியின் மேல் வந்து நின்றார். மாமா பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருந்தார். கிறிஸ்துமஸ் கேக்குக்கு மட்டும் கோயிலுக்கு வருவார். ஒரு ஞாயிறு கடையை மூட வைத்து அவரை இழுத்துவந்து, உபதேசியாரை அவர் தலையில் கை வைத்து ஜெபிக்கச் சொன்னார் அம்மா. அரை மணி நேரம் முழங்காலில் நின்றுவிட்டு எழுந்த மாமா, "ஜெபம் பண்ணவே உக்காராதவனுக்கு ஜெபம் வரலேன்னு எப்படிக்கா தெரியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அடுத்த ஞாயிறும் அந்தச் சீட்டு வந்தது.

விஷயம் இத்தோடு நின்றிருந்தால் நான் தலையிட்டிருக்க மாட்டேன். உபதேசியாரை ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவது என்று ஏற்பாடு. அந்த ஆறு மாதம் முடியப்போகிறது, ஐயர் வருகிற ஞாயிறு கமிட்டி கூடி முடிவு செய்யப்போகிறது என்று ஒரு நாள் சாப்பிடும்போது அம்மா அப்பாவிடம் சொன்னார். ஒரு சீட்டுக்கு நாலு மாதமாக ஜெபித்தும் பலன் இல்லையென்றால் உபதேசியார் எதற்கு, அனுப்பிவிட்டு வேறு ஆளைக் கேட்கலாம் என்று சபைச் செயலாளர் சொல்கிறாராம். அம்மாவும் அதை மறுத்ததாகத் தெரியவில்லை. என்னைத் தனியாகப் பாட வைத்த முதல் ஆள் அவர்தான். போனால் அந்த வீட்டையும் காலி செய்துகொண்டு போக வேண்டும்.

சனிக்கிழமை பாட்டுப் பயிற்சிக்குப் போனேன். எனக்கு ஒரு வசனத்தை நோட்டில் எழுதிக் கொடுத்தார். அவர் இடது கைக்காரர். எழுதிய எழுத்தின் மேலேயே கை உரசிப்போய் மை இழுவிக்கொண்டது. நாலு மாதமாக வாரா வாரம் நான் கிழித்துப் போட்ட சீட்டிலும் இதே இழுவல்தான், இதே சாய்ந்த எழுத்துதான். பயமாக இல்லை. அட, தெரிந்த ஆள்தானே என்று ஒரு நிம்மதிதான் வந்தது. பெயர் போடாமல் எழுதினால் ஆண்டவருக்கு யாரென்று தெரியுமா என்று மட்டும் கேட்டுவைத்தேன்.

"அவருக்குத் தெரியும்மா. நமக்குத் தெரிய வேணாம்னுதான் போடுறதில்ல" என்றார்.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெயர் போட்ட சீட்டுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பலன் வந்துகொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். விலாசம் இல்லாமல் தபால் எப்படிப் போய்ச் சேரும்? பாவம், பெரியவர், இது தெரியாமல் இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஐயர் வந்திருந்தார். கமிட்டிக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். கல்நெஞ்சுச் சீட்டைப் படித்து முடித்து, அடுத்ததைப் பிரித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு தெளிவாக நான் எதையும் படித்ததில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் எனக்கு ஜெபம் வரவில்லை, எனக்காக ஜெபியுங்கள். இப்படிக்கு, உபதேசியார் ஜெயராஜ், கோயில் வீடு, அரியலூர்.

ஜெபிப்பதற்காகத் தூக்கிய உபதேசியாரின் கை அப்படியே நின்றது. செயலாளர் பாதி எழுந்துவிட்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், வீட்டில் எனக்கு என்ன காத்திருக்கிறது என்பது விளங்கிவிட்டது.

உபதேசியார் கையை இறக்கினார். "புள்ள மேல கோவப்படாதீங்க. எழுத்து என்னோடதுதாங்க" என்றார். "உங்க எல்லாருக்காகவும் ஜெபிக்க வருது. வூட்டுக்குள்ள போயி முழங்கால் போட்டா, எனக்குன்னு ஒரு வார்த்தை வர மாட்டேங்குது."

ஐயர் எழுந்து, ஜெபிப்போம் என்றார். யாரும் ஆரம்பிக்கவில்லை. வழக்கமாக ஆரம்பிக்கிறவருக்காகத்தான் இப்போது ஜெபிக்க வேண்டும். அதற்கு யாருக்கும் பழக்கமில்லை. அப்போது தூண் ஓரத்திலிருந்து அந்த அக்கா எழுந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"காலண்டர் தாள்ல எழுதிப் போட்டது நான்தாங்க" என்றார். "ஒரு சொட்டுக் கண்ணீர் விடலியே இந்த மனுசன்னுதான் அப்படி எழுதினேன். இவரும் எழுதிப் போடுறாருன்னு எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஐயர் எல்லாருக்கும் தெரிந்த பரமண்டல ஜெபத்தைத் தொடங்கிவைத்தார். அன்று அதைச் சபை சொன்னது போல நான் பிறகு எங்கும் கேட்டதில்லை. உபதேசியார் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

கமிட்டி கால் மணி நேரத்தில் முடிந்தது. தனக்கு இரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றும், ஒரு நாள்கூட ஜெபம் வராமல் உட்கார்ந்திராதவர்கள் இருந்தால் கை தூக்கலாம் என்றும் ஐயர் சொன்னாராம். ஒரு கையும் எழவில்லை. அம்மா கையும்தான். உபதேசியார் அரியலூரிலேயே இருப்பார் என்று முடிவாயிற்று.

என் சீட்டு வேலை அன்றோடு போனது. வழி நெடுக அம்மா என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து கறிக்குழம்பு வைத்து, முதல் கிண்ணத்தை மூடி என் கையில் கொடுத்து, கோயில் வீட்டில் கொடுத்துவிட்டு வா, பேச்சுக் கொடுக்காதே என்று அனுப்பினார்.

கதவு ஒருக்களித்திருந்தது. இரண்டு பேரும் தரையில் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். உபதேசியார் அழுதுகொண்டிருந்தார். பெரியவர்கள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. "பியூலா, பியூலா" என்று திரும்பத் திரும்ப யாரையோ கூப்பிட்டார். அக்கா அவர் தலையைப் பிடித்துக்கொண்டு தானும் அதே பெயரைச் சொல்லி அழுதார். நான் கிண்ணத்தை வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்தேன்.

"அங்க ரெண்டு பேரும் அழுவுறாங்கம்மா. பியூலான்னு கூப்புடுறாங்க. ஆனா வூட்ல வேற யாருமே இல்ல" என்றேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். திட்டு முடிந்துவிட்டதா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் குழந்தை பிழைக்காது என்று சொன்னபோது ஐயர் திருச்சிக்குப் போயிருந்தாராம். உபதேசியாரே குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் குழந்தையின் தலையில் தெளித்து, ஞானஸ்நானம் கொடுத்துப் பெயரிட்டிருக்கிறார். அதன் பிறகு அந்தப் பெயரை அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, அந்த ஞாயிறு வரைக்கும். கல்லூரிக்குப் போகும் வயதில்தான் அம்மா எனக்கு இதைச் சொன்னார்.

அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியாது. அவ்வளவு ஆசையாகக் கூப்பிடுகிறார்களே, ஊரிலிருந்து யாரோ ஒரு பெண் வரப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஞாயிறு சீக்கிரமாகவே கோயிலுக்குப் போய், பிள்ளைகள் பாயில் எனக்குப் பக்கத்தில் என் பைபிளை வைத்து அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தேன்.