மயோன் மலையில் பனி இல்லை

அன்று காலை மவுண்ட் வெல்லிங்டன் மண்டபத்தில் நின்றவர்கள் ஐந்து பேர். நான். என் மனைவி. அவளோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரப் பெண். மண்டபத்துச் சாவியை வைத்திருந்த வெள்ளைக்காரக் கிழவர். எனக்கு வேலை தரும் மலேசியத் தம்பி. கடைசி ஆளை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "நான் அப்ப அங்க இல்ல, எல்லாம் அண்ணன் செஞ்ச வேலை" என்று அவர் இப்போது ஆட்களிடம் சொல்லித் திரிகிறார். இருந்தார். கையில் காப்பியோடு மேடைக்கு முன்னாலேயே இருந்தார்.

அவருக்குக் கல்யாண அலங்காரத் தொழில். மணவறை, தூண், வளைவு, பிறந்தநாள் பலூன் எல்லாம் செய்து கொடுப்பார். செய்து கொடுப்பார் என்றால், நான் ஃபோமில் வெட்டிப் பெயின்ட் அடித்து வேனில் ஏற்றுவேன், அவர் காசு வாங்குவார். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு இது நல்ல வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

பிலிப்பைன்ஸ்காரர்கள் வருடத்தில் ஒரு நாள் கூடிக் கொண்டாடுவார்கள். இந்த முறை, தங்கள் நாட்டுக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டிய இடங்களை மண்டபத்தில் ஒரு பக்கமாகக் காட்டுவது என்று திட்டம். ஒரு பேனர் போதும் என்றது கமிட்டி. என் மனைவியின் சிநேகிதிதான் விடவில்லை. இங்கே பிறந்த பிள்ளைகள் பக்கத்தில் நின்று தொட்டுப் பார்க்க வேண்டும் என்று வாதாடிக் காசை ஒதுக்க வைத்திருந்தாள். அது சரியாக வராவிட்டால் அவ்வளவு பேரின் முன்னாலும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அவள் எங்கள் சமையலறை மேசையில் போனை வைத்து, படங்களைக் காட்டி, எனக்கு விளங்கும் மெதுவான ஆங்கிலத்தில் சொன்னாள். மலைச்சரிவில் படிப்படியாக ஏறும் நெல்வயல்கள். ஜீப்னி, அதாவது பழைய ஜீப்பை நீட்டி, பூவும் சாமிப்படமும் பெயர்களும் வரைந்து அவர்கள் ஓட்டும் பஸ். மூன்றாவது, மயோன் எரிமலை. அது கக்கிய குழம்பில் ஒரு தேவாலயம் புதைந்து மணிக்கோபுரம் மட்டும் மிஞ்சி நிற்கிறதாம். போகிறவர்கள் எல்லோரும் அந்தக் கோபுரத்தின் முன்னால் நின்று, பின்னால் மலை தெரியப் படம் எடுப்பார்களாம்.

"கோடு உச்சியிலிருந்து அடிவரை நேராக வரவேண்டும். எங்கேயும் உடையக் கூடாது. அந்த அழகுக்காகத்தான் ஆட்கள் வருகிறார்கள்" என்று விரலால் இழுத்துக் காட்டினாள். அவளுடைய ஊர் அந்த மலையடியில் இருக்கிறது. இரண்டு மகள்மாரும் அதைக் கண்டதில்லை. நாலு பேருக்கு டிக்கெட் எடுக்க அவளால் இன்னும் முடியவில்லை.

நான் செய்து தருகிறேன் என்று சொன்னேன். சொன்ன நிமிஷத்திலிருந்து பயம். ஃபோம் சரிந்து பிள்ளை ஒன்றின் மேல் விழுமோ, பெயின்ட் காயாமல் உடுப்பில் ஒட்டுமோ, நெல்வயல் படிகள் நம்மூர்க் கோயில் குளத்துப் படிகள் மாதிரி ஆகிவிடுமோ. "ஐயோ இஞ்சருங்கோ, ஃபோமுக்குப் போய் ஆரும் பிரஷர் ஏத்துவினமே?" என்றாள் மனைவி. ஆனாலும் வயல் நன்றாக வந்தது. ஜீப்னியும் கோபுரமும் வந்தன. மலைக்கு ஃபோம் வாங்கப் போகும்போதுதான் தம்பி மறித்தார்.

"மலைதான் நம்மகிட்ட இருக்குல்லண்ணே. அந்த அரங்கேற்றத்துக்கு செஞ்சோமே, கைலாசம். அதத் தூக்கி வைங்க லா."

"தம்பி, அதில பனி இருக்கு. இது நெருப்பு மலை. வெக்கை நாடு."

"மேகம்னு சொல்லிருவோம்."

"அப்ப உச்சிக்கு மட்டும் கறுப்பு அடிக்கட்டே?"

"அடிக்காதீங்க. அடுத்த வாரம் இன்னொரு டான்ஸுக்கு அதே மலைதான். புக்கிங் எடுத்துட்டேன்."

ஒரே மலையை இரண்டு சனத்துக்கு வாடகைக்கு விடுகிறார். பிலிப்பைன்ஸ்காரர்களிடம் மூன்றும் புதிதாகச் செய்வதென்றுதான் விலை பேசியிருந்தார். அது எனக்குத் தெரியும். நான் இரண்டு தரம் மறுத்துச் சொன்னேன். இரண்டாம் தரம், "பிலிப்பினோ ஆளுங்க அவ்ளோல்லாம் பார்க்க மாட்டாங்கண்ணே" என்றார். தன் வீட்டுக் கல்யாணத்தில் மணவறைப் பூவில் ஒரு நிறம் மாறினால் சண்டைக்கு நிற்கும் சனம் நாங்கள். மற்றவன் தன் மலையைக்கூடப் பார்க்க மாட்டானாம்.

அன்று காலை கைலாசத்தை மேடையில் நிமிர்த்தினோம். நந்தியைக் கழற்றிய இடத்தில் கோபுரத்தை வைத்தோம். சாவிக்காரக் கிழவர் உள்ளே வந்து, தலையைச் சரித்துப் பார்த்து, "அட, தரனாக்கி மலை. நல்லா வந்திருக்கு" என்று ஆங்கிலத்தில் பாராட்டினார். தரனாக்கி இந்த நாட்டு மலை. அதுவும் கூம்பு, அதற்கும் தலையில் பனி. அவர் மேல் குற்றமில்லை.

அவருக்குப் பின்னால் மனைவியின் சிநேகிதி நின்றிருந்தாள்.

தம்பி உடனே ஓடிப்போய், வெள்ளையாகத் தெரிவது மேகம் என்று சிரித்துச் சிரித்து விளக்கினார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்து, "உனக்குப் படம் காட்டினேன்தானே?" என்று மட்டும் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கமிட்டி ஆட்கள் வர ஒரு மணித்தியாலம்கூட இல்லை. என் மனைவி என் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாளைக்கும் அவள் சிநேகிதியோடு ஒரே ஷிஃப்டில் நிற்க வேண்டும்.

ஜீப்னி டயருக்கு அடித்த கறுப்பும் கொஞ்சம் சாம்பலும் வேனில் மிச்சம் கிடந்தன. போய் எடுத்து வந்தேன்.

"அண்ணே, என்னா செய்றீங்க?"

"மலை செய்யிறன்."

"அண்ணே, அடுத்த வாரம் கைலாசம்ணே. சிவன் இடத்துல கறுப்படிச்சா பாவம் பிடிக்கும்."

"பனியை மேகமெண்டு வித்தனீர். முதல்ல உமக்குப் பிடிக்கட்டும். பிறகு எனக்கு."

வாகனப் பூசைக்கு எலுமிச்சம்பழம் குறைந்தால்கூடப் பயப்படுகிறவன் நான். அன்று ரோலரை எடுத்துப் பரமசிவன் இருந்த உச்சியிலேயே முதல் இழுப்பு இழுத்தேன். பயம் வரவில்லை. கோபம்தான் கையை நடத்தியது. அவள் கிட்ட வந்து நின்று, விளிம்பில் கோடு கோணும்போதெல்லாம் விரலால் காட்டினாள். கடைசியில் சாம்பல் நிறத்தைத் துணியில் தொட்டு, உச்சியிலிருந்து ஒரு பக்கமாகச் சாய்கிற புகையை அவளே ஒற்றினாள். மனைவி எங்கிருந்தோ ஒரு மின்விசிறியைத் தூக்கி வந்து பெயின்ட் காய வைத்தாள். தம்பி காப்பிக் கோப்பையை மேடையில் வைத்துவிட்டு வெளியே போய் யாரிடமோ போனில் கத்தினார்.

சனம் வந்தபோது அந்த மலைக்கு முன்னால் வரிசை நின்றது. அவளுடைய சின்ன மகள் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்றாள். கமிட்டித் தலைவர் வந்து என் கையைக் குலுக்கினார். பேசிய காசு முழுவதையும் அடுத்த நாளே தம்பியின் கணக்கில் போட்டார்கள். அதை அவள் வங்கி ரசீதோடு என் மனைவிக்குக் காட்டினாள்.

எனக்கு எதுவும் வரவில்லை. கேட்டால், கைலாசத்தைக் கெடுத்ததற்கு நான்தான் அவருக்குத் தரவேண்டுமாம். திரும்பக் கேட்டால், "இன்வாய்ஸ் போட்டு ஈமெயில் அனுப்புங்கண்ணே, பார்க்கலாம்" என்கிறார். எனக்கு ஆங்கிலம் எழுத வராது என்று தெரிந்துதான் சொல்கிறார். அந்தக் கறுத்த மலையை வேறெங்கோ ஒரு விருந்துக்குத் தீவுப் பின்னணியாக வாடகைக்கு விட்டதாகவும் கேள்விப்பட்டேன். அதற்கும் காசு வாங்கியிருப்பார்.

வெட்டி, பூசி, ஏற்றி இறக்கிய கூலி எழுநூற்று இருபது டாலர். என் கார்டில் வாங்கிய ஃபோமும் பெயின்டும் நானூற்று அறுபது. ஆக அவர் எனக்கு இன்னும் தரவேண்டியது ஆயிரத்து நூற்று எண்பது டாலர்.