நெட்டையனா, கட்டையனா: ஜெசிந்தா அக்காவோடு ஒரு தீராத வழக்கு

மனோர் பார்க் நிலையத்தில் ரயில் நின்றுகொண்டிருந்தபோது ஷரோன் அழைத்தாள். ஜெசிந்தா அக்காவின் மகள். எப்போதும் ஆங்கிலத்தில் மளமளவென்று கதைக்கிறவள், "அங்கிள், அம்மா போயிட்டா" என்று மட்டும் தமிழில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். நான் அக்காவைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். ரெய்னர்ஸ் லேனில் ஏறி, லண்டனின் ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கலுக்கு வந்து, இன்னும் சில நிறுத்தங்களில் அக்கா வீடு இருக்கும் குட்மேய்ஸ் என்ற நேரம். அழுகைக்கு முன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இன்னும் அரை மணித்தியாலம் பொறுத்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அதை ஒளிக்காமல் எழுதுகிறேன். அவரை அறிந்த உங்களில் எவருக்கும் அந்த எரிச்சல் புதிதாக இராது.

நல்லடக்கத்தன்று பேசியவர்கள் அவரைப் பொறுமைசாலி என்றார்கள். அமைதியானவர், விட்டுக்கொடுக்கத் தெரிந்தவர் என்றார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வைத்தியசாலை இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவரோடு வேலை செய்தவர்கள் பின்வரிசையில் இருந்தார்கள். தமிழ் விளங்காத அவர்களுக்கு ஷரோன் மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னொருவர் எழும்பி, அக்காவுக்கு விளையாட்டில் ஈடுபாடு அதிகம் என்று தொடங்கி, கிரிக்கெட்டைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். அக்காவுக்குக் கிரிக்கெட் பிடிக்காது. அவருடைய விளையாட்டு பேஸ்போல். அதிலும் ஒரே ஒரு கேள்விதான்: எங்கள் காலத்து அவுட்பீல்டர்களில் ஆகப் பெரியவன் யார்?

லண்டனில் இருக்கும் மன்னார்ப் பெண்ணுக்கு அமெரிக்கக்காரரின் ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். தம்பியின் மனைவிக்குப் பிள்ளை பிறந்தபோது உதவிக்கென்று ரொறன்ரோ போய், ஒரு கோடைகாலம் முழுக்க அங்கே நின்றவர் அவர். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, தம்பி போட்டுவிட்ட ஆட்டங்களைப் பார்த்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில், தடியால் பந்தடித்து ஓடும் எங்கள் ஊர் எல்லே விளையாடியவர் என்பதால் விதிகள் சட்டென்று பிடிபட்டுவிட்டன. எல்லேயில் அவரைக் கண்ணுக்கெட்டாத தூரத்தில் நிறுத்துவார்களாம். பேஸ்போலில் அப்படித் தூரத்தில், வேலிக்குக் கிட்ட நிற்பவன்தான் அவுட்பீல்டர். உயர அடித்த பந்தை ஓடிப் பிடிப்பது அவன் வேலை. தன் முறை வரும்போது அவனும் துடுப்பெடுத்து அடிக்க வேண்டும். எங்கள் சண்டை முழுவதும் இந்த இரண்டு வேலைகளுக்கும் இடையில்தான் நடந்தது.

அந்த ஆட்டக்காரர்களின் பெயர்களை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் ரொறன்ரோவில் சொந்தக்காரர் உள்ள அத்தனை பேரும் எனக்குப் போன் எடுப்பீர்கள். அக்கா வைத்த பட்டங்களே போதும். அவருடைய ஆள் நெட்டையன்: மெலிந்த, நீண்ட காலுள்ள, நடுவில் நிற்கும் அவுட்பீல்டர், வேலிக்கு மேலே கையை நீட்டி, வேலியைத் தாண்டி ஹோம் ரன்னாகப் போக இருந்த பந்தைக் களவெடுத்து வருபவன். என்னுடைய ஆள் கட்டையன்: குறுகிய, அகன்ற உடம்பு, அவன் அடித்தால் பந்து திரும்பி வராது. பழைய காலத்து மேதைகளைக் கொண்டுவர அக்கா விடமாட்டார். கண்ணால் காணாதவனைப் பற்றிக் கதைப்பது புரளி என்பார். நான் புள்ளிவிபரங்களை அச்சடித்து இடைவேளை அறைக்குக் கொண்டுபோவேன். அவர் தேத்தண்ணீரை உறிஞ்சியபடி அந்தத் தாளைக் கோப்பைக்குக் கீழே வைத்துக்கொள்வார்.

ஒருநாள் நெட்டையன் ஒரு பந்தைத் தவறவிட்டான். ஓடிப்போய் எட்டினான், பந்து கையுறையில் பட்டு விழுந்துவிட்டது. அவன் அணி தோற்றது. அடுத்த நாள் காலை நான் வேலைக்கு நேரத்துக்கே போய்க் காத்திருந்தேன். அக்கா கோட்டைக் கழற்றவும் விடாமல், பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பாத்தனான்," என்றார். "உம்மட கட்டையன் எண்டால் அந்தப் பந்துக்குக் கிட்டவும் போயிருக்க மாட்டான். தூர நிண்டு, விழுறதைப் பாத்துக்கொண்டு நிண்டிருப்பான். அதைப் பிழை எண்டு ஒருத்தரும் எழுதியிருக்க மாட்டினம். கிட்டப் போனவனுக்குத்தான் பிழை விழும், குகன்."

அன்று முழுக்க மாதிரிக் குழாய்களை அடுக்கியபடி மறுமொழி தேடினேன். அவரோடு வாதாடுவதன் கொடுமை அதுதான்: தோற்கும் இடத்தில் நின்று வெல்வார், வென்ற பிறகு ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லமாட்டார்.

பட்டிமன்றத்தை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். அவருடைய தேவாலயப் பங்கின் ஒன்றுகூடலுக்கு ஒவ்வொரு வருடமும் ஒரே மாதிரித் தலைப்பு: குடும்பத்தில் பெரியது பாசமா பணமா, பிள்ளைகளைத் திருத்துவது அன்பா கண்டிப்பா. அந்த வருடம் அக்கா நிர்வாகசபையை ஒருவர் ஒருவராக மடக்கி, சிறந்த அவுட்பீல்டர் அடிப்பவனா பிடிப்பவனா என்ற தலைப்பை நுழைத்துவிட்டார். எதிரணிக்கு, சைவக்காரனான என்னைக் கூட்டிப் போனார். நான் பெரிய திரையில் படங்களோடு வந்தேன். சபைக்கு ஆட்டமே தெரியாது என்பதை யோசிக்கவில்லை. அக்கா வெறுங்கையோடு ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நின்றார்.

"அடிச்ச ஓட்டத்தைப் பலகையில எழுதுவினம். வரவிடாமல் மறிச்ச ஓட்டத்தை ஒருத்தரும் எழுதமாட்டினம். எழுதேல்ல எண்டதுக்காக அது நடக்கேல்ல எண்டு சொல்லுவீங்களோ?"

மண்டபத்தில் இருந்த தாய்மார் அவ்வளவு பேரும் கைதட்டினார்கள். அவர்கள் தட்டியது பேஸ்போலுக்கு இல்லை என்று நான் நடுவரிடம் முறையிட்டேன். நடுவராக வந்தவர் இளைப்பாறிய கணக்காளர். எவர் மனதையும் நோகடிக்காதவர். முடிவில் அவர் எழும்பி, அடிப்பவனும் வேண்டும், பிடிப்பவனும் வேண்டும், இருவரும் அணிக்கு இரு கண்கள் என்று தீர்ப்புச் சொன்னார். அக்காவும் நானும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே பக்கம் நின்றது அப்போதுதான். இரண்டு பேரும் ஒன்றாக எழும்பினோம். ஒருவனைச் சொல்லச் சொன்னால் ஒருவனைச் சொல்ல வேண்டும் என்று அக்கா மேடையிலேயே அவரோடு தர்க்கிக்கத் தொடங்க, நிர்வாகசபை ஒலிவாங்கியை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுக்கு அழைத்தது. சாப்பிடும்போதும் அவர் நடுவருக்குப் பக்கத்திலேயே போய் இருந்தார். பாவம் அந்த மனிதர், ஒழுங்காக ஒரு வாய் சாப்பிட்டிருக்கமாட்டார்.

பிறகு நோய் வந்தது. அதை அவர் எங்கள் கூடத்திலேயே, எங்களில் எவரும் அறியுமுன், தன் பரிசோதனை முடிவைப் பார்த்தே அறிந்துகொண்டார். சிகிச்சைகள் முடிந்து, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வைத்தியர்கள் சொன்ன பின்பு, குட்மேய்ஸ் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டார்கள். ஞாயிறு பின்னேரங்களில் நான் போவேன். அமெரிக்காவில் மத்தியான ஆட்டம் தொடங்கும்போது இங்கே பின்னேரம். அவருடைய கணவர் அன்ரன் அண்ணை தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விடுவார். அவருக்கு இந்த ஆட்டம் ஆகாது.

நான் கடைசியாகப் போன அந்த ஞாயிறு, அக்கா கண்ணை மூடியபடி கிடந்தார். நித்திரை என்று நினைத்தேன்.

"குகன், யோசிச்சுப் பாத்தன்," என்றார். "நீர் சொன்னதுதான் சரி. கட்டையன்தான்."

இத்தனை வருடமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. நோயாளியிடமிருந்து வெற்றி வாங்க நான் அங்கே போகவில்லை. மருந்து மயக்கத்தில் சொல்கிறீர்கள் என்றேன். இல்லை, தெளிவாகத்தான் இருக்கிறேன் என்றார். அப்படியானால் வேலிமேல் ஏறிப் பிடித்த பிடி என்னவாயிற்று என்று கேட்டேன். மறித்த ஓட்டத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாமா என்று கேட்டேன். அவருடைய வாதங்களையே ஒவ்வொன்றாக எடுத்து அவர் முன்னால் வைத்தேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும், அன்ரன் அண்ணை குசினி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

அக்கா கண்ணைத் திறந்தார். "அது ஒரு நாள் பிடிச்ச பிடி. அதைத்தான் நீங்கள் எல்லாரும் திருப்பித் திருப்பிப் பாக்கிறியள். கட்டையன் மழை, வெயில், முழங்கால் நோ, எல்லாத்தோடயும் ஒவ்வொரு நாளும் வந்து அடிச்சவன். நாளாந்தம் செய்யிறதைவிடப் பெரிசு என்ன இருக்கு, சொல்லும் பாப்பம்."

நான் இவ்வளவு காலமும் புள்ளிவிபரம் புள்ளிவிபரமாகச் சொல்லியும் சொல்ல வராததை அவர் மூச்சு வாங்க வாங்கச் சொல்லி முடித்துவிட்டார். என் பக்கத்துக்கு மாறிய பின்பும் என்னைத் தோற்கடித்தார். பக்கம் மாறுவது நியாயமில்லை என்றேன். மெல்லச் சிரித்துவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வரும்போது அன்ரன் அண்ணை கேற் வரைக்கும் வந்தார். அக்கா இரண்டு நாளாக ஒரு சொல்லும் பேசாமல் கிடந்தவர் என்றார், அடுத்த ஞாயிறும் கட்டாயம் வரச்சொல்லிக் கேட்டார். "சண்டை பிடிக்க ஆள் வேணும் எண்டுதான் அப்பிடிச் சொன்னாவோ தெரியேல்ல, தம்பி," என்றார். அந்த வாரம் முழுக்க அது என்னை அரித்தது. உண்மையாகவே மனம் மாறினாரா? வெற்றியை எனக்குத் தந்துவிட்டுப் போக நினைத்தாரா? அல்லது நான் சும்மா பக்கத்தில் இருந்து பரிதாபப்படாமல் இருக்கவேண்டும் என்று செய்த வேலையா? எதுவானாலும் மறுமொழி சொல்லியே ஆகவேண்டும் என்று முடிவெடுத்தேன். நாளாந்தம் என்று நீங்கள் சொன்னது நெட்டையனுக்கும் பொருந்தும், அக்கா; பந்து வராத நாளிலும் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அவன் ஓடத் தயாராக நின்றான். அதைத்தான் சொல்லப் போய்க்கொண்டிருந்தேன். மனோர் பார்க்கில் ரயில் நின்றது.

போன ஞாயிறு, நினைவுத் திருப்பலி முடிந்து வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுப் போனபின், அன்ரன் அண்ணை தானாகவே தொலைக்காட்சியைப் போட்டார். எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். கட்டையன் துடுப்போடு வந்து, முதல் பந்தையே வேலிக்கு அப்பால் அனுப்பினான். திரையில் சனம் துள்ளியது.

"இவன்தானே ஆகப் பெரிய ஆள்?" என்று அண்ணை கேட்டார். "அவ கடைசியாச் சொன்னது இவனைத்தானே?"

ஓம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அந்த மனிதருக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் நான் இல்லை என்றேன். இல்லை அண்ணை, அவ பிழையாச் சொல்லிப்போட்டா என்று தொடங்கி, ஆட்டம் முடியும்வரை நெட்டையனுக்காக வாதாடினேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரு இடத்திலாவது என்னை மறிப்பார் என்று பார்த்தேன், மறிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கோபம்தான் எனக்கு.

ஜெசிந்தா அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இதுதான்: அவர் விட்டுவிட்டுப் போன பக்கம். அதை நான் முழுதாக நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது. உங்களில் யாருக்காவது கட்டையன்தான் பெரியவன் என்று தோன்றினால், தயவுசெய்து என் வீட்டுக்கு வாருங்கள். தலையாட்டாமல் வாருங்கள்.